மாமனார் கண்ணில் பட்ட விளம்பரம்: எந்தக் குக்கீயைத் தடுப்பது, எதை விடுவது

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடிக்கணினி. மாமனாருக்கு முட்டி அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஓர் இரவு உட்கார்ந்து தாதிமை இல்லங்களின் கட்டணத்தைத் தேடியிருக்கிறீர்கள். சேர்ப்பதாக முடிவு எதுவும் இல்லை, சும்மா விலை பார்த்தீர்கள். இரண்டு நாள் கழித்து அவர் அதே கணினியில் செய்தி படிக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் முதியோர் இல்ல விளம்பரம். அவர் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போய் டிவி போட்டுக்கொண்டார். உங்களுக்குத்தான் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குக்கீயை மொத்தமாகத் தடுத்துவிடவா, தடுத்தால் சிங்பாஸும் (அரசுச் சேவைகளுக்குள் நுழையும் அடையாளக் கணக்கு) வங்கியும் வேலை செய்யுமா என்பதுதான் நீங்கள் கேட்டது.

மொத்தமாகத் தடுக்க வேண்டாம். மூன்றாம் தரப்புக் குக்கீயை மட்டும் தடுங்கள். சிங்பாஸ் வேலை செய்யும். ஆனால் உங்கள் வீட்டில் நடந்ததற்கு அது பாதி மருந்துதான். மீதிப் பாதிக்கும் குக்கீக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் சிறு கடைகளுக்கு இணையத்தளம் கட்டிக் கொடுக்கிறவன். அதனால் இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. கடைக்காரர் ஒருவர் போன் செய்வார்: "தம்பி, விளம்பரக் கம்பெனி ஒரு கோட் அனுப்பியிருக்காங்க, நம்ம சைட்ல ஒட்டணுமாம்." ஏழெட்டு வரி நிரல்தான் இருக்கும். ஒட்டிவிடுவேன். ஒரு நாள் சந்தேகம் வந்து, அந்தப் பக்கம் திறக்கும்போது எங்கெங்கே தகவல் போகிறது என்று எட்டிப் பார்த்தேன். ஒட்டியது ஒரு கோட், அது கூட்டி வந்தது பத்துக்கும் மேற்பட்ட வேறு இடங்களை. கடைக்காரருக்கு அதில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் விளம்பரம் நன்றாக ஓடுகிறது என்பது மட்டும்.

சரி, குக்கீ என்றால் என்ன? இணையத்தளத்துக்கு இயல்பில் ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் அதற்கு நீங்கள் புது ஆள். கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் காணாமல் போகும். இதைச் சரிசெய்ய 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் ஒரு வழி கண்டார். தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு சின்னக் குறிப்பைக் கொடுத்து வைக்கும், அடுத்த முறை வரும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். சில கடைகளில் உள்ளே போகும்போது நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு எண் வில்லை தருவார்களே, அதேதான். வில்லை கொடுத்த கடையில் மட்டுமே அது செல்லுபடியாகும், பக்கத்துக் கடையில் காட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள். இதில் ஒரு தப்பும் இல்லை. வங்கித் தளத்தில் நுழைந்த பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி கடவுச்சொல் கேட்காமல் இருப்பது இந்த வில்லையால்தான். மொத்தமாகத் தடுக்காதீர்கள் என்று நான் சொன்னதும் இதனால்தான். தடுத்தால் எந்தத் தளத்திலும் உள்ளே நுழைந்து நிற்க முடியாது.

இப்போது இன்னொரு காட்சி. தேக்காவில் ஒரு தெரு முழுக்கக் கடைகள், ஒவ்வொரு வாசலிலும் ஒரே கம்பெனியின் ஆள் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். நிற்க இடம் கொடுத்தது கடைக்காரர்தான். முதல் கடையில் உங்கள் பையில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு வில்லையைப் போடுகிறார். அடுத்த கடை வாசலில் அதே கம்பெனியின் இன்னொரு ஆள் வில்லையைப் படித்துவிட்டு நோட்டில் எழுதுகிறார்: 'இந்த எண் பத்து மணிக்கு நகைக்கடை, பத்தரைக்கு மருந்துக்கடை.' உங்கள் பெயரை அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சாயங்காலத்துக்குள் பெயரைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. நீங்கள் போனது தாதிமை இல்லத்தின் தளத்துக்கு. ஆனால் அந்தப் பக்கத்துக்குள் விளம்பரக் கம்பெனியின் ஒரு துண்டு கோட் இருக்கிறது, சில சமயம் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம். அதை எடுத்து வர உங்கள் பிரவுசர் அந்தக் கம்பெனியின் கணினிக்குப் போகிறது. போகும்போது அந்தக் கம்பெனி முன்பு கொடுத்த வில்லையையும், எந்தத் தளத்திலிருந்து வருகிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பிறகு செய்தித்தளத்தில் அதே கம்பெனியின் விளம்பரப் பெட்டி. பெட்டி நிரம்புவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், அங்கே ஓர் ஏலமே நடந்து முடிகிறது. இந்த எண் தாதிமை இல்லம் பார்த்தது, யார் எவ்வளவு தருவீர்கள் என்று. உங்கள் மாமனார் பார்த்தது அந்த ஏலத்தில் ஜெயித்த விளம்பரம்.

இது எதிர்பாராமல் நடந்துபோன விபத்தும் அல்ல. 1997-இல் குக்கீக்காக வெளிவந்த முதல் தரநிலை ஆவணம், ஆர்எஃப்சி 2109, இப்படிப் பக்கவாட்டிலிருந்து நுழையும் குக்கீயைப் பிரவுசர் இயல்பாக ஏற்கக்கூடாது என்றே எழுதி வைத்தது. அப்போதைய பெரிய பிரவுசர்கள் இரண்டும், நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும், அதைக் கண்டுகொள்ளவில்லை. அதற்குள் விளம்பரத் தொழில் இதன்மேல் வீடு கட்டிக் குடிபுகுந்துவிட்டது.

இருபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் பிரவுசர்கள் ஒவ்வொன்றாக மனம் மாறின. ஃபயர்ஃபாக்ஸ் 2019 செப்டம்பர் முதல், வேவு பார்ப்பதாகத் தெரிந்த கம்பெனிகளின் குக்கீயை எல்லோருக்கும் இயல்பாகவே தடுக்கிறது. 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி ஜாடி என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. ஒரு ஜாடியில் போட்ட குக்கீயை இன்னொரு ஜாடிக்குள் கைவிட்டு எடுக்க முடியாது. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீயை அடியோடு நிறுத்தியது. குரோம்? இரண்டு ஆண்டில் நிறுத்திவிடுவோம் என்று 2020 ஜனவரியில் சொன்னது. தள்ளிப் போட்டது, மறுபடி தள்ளிப் போட்டது, 2025 ஏப்ரலில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. அதைத் தயாரிக்கும் கூகலுக்கு வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்தில்தான். பால்காரரிடம் தண்ணீர் கலக்காதீர்கள் என்று சொன்ன மாதிரிதான். ஆனாலும் பூட்டைக் கொடுத்திருக்கிறார்கள், பூட்டுவதை நம் கையில் விட்டிருக்கிறார்கள்.

பூட்டுவது இப்படி. குரோமில் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் தேர்ட்-பார்ட்டி குக்கீஸ், அதில் தடுக்கும் தேர்வைத் தொடுங்கள். ஒரு நிமிட வேலை. கைபேசியிலும் குரோம் இருந்தால் அங்கேயும் தனியாகச் செய்ய வேண்டும். ஐபோனில் சஃபாரி பயன்படுத்தினால் இது ஏற்கெனவே பூட்டிக் கிடக்கிறது. சஃபாரியின் செட்டிங்ஸில் 'பிரிவென்ட் கிராஸ்-சைட் டிராக்கிங்' பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் சிங்பாஸ் பயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சஃபாரியில் 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீ இல்லை. சிங்கப்பூரில் எத்தனை பேர் ஐபோனில் சஃபாரியைத் திறந்து மத்திய சேமநிதிக் கணக்கையும் வரிக் கணக்கையும் பார்க்கிறார்கள்! சிங்பாஸ் உங்களைத் தன் சொந்தப் பக்கத்துக்கே அழைத்துப் போய்ச் சரிபார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறது. அங்கே அது முதல் தரப்பு, அதாவது நீங்கள் நேரடியாகப் போய் நிற்கும் தளம். உடையக்கூடியவை வேறு: ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தைச் சட்டகம் போட்டு உட்கார வைத்த இடங்கள். பள்ளித் தளத்துக்குள் பதித்த பயிற்சிப் பக்கம், கட்டணம் செலுத்தும்போது நடுவில் எழும் சரிபார்ப்புப் பெட்டி, வேறு கம்பெனி நடத்தும் அரட்டைப் பெட்டி, இப்படி. எங்காவது உடைந்தால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் ஒரு கண் படம் தெரியும். அதைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். நான் பல வருடமாகப் பூட்டியே வைத்திருக்கிறேன், அனுமதி கொடுத்த தளங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இதற்கு மேல் ஒரு படி ஏற விருப்பமிருந்தால் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பிரவுசரில் போடுங்கள். ரேமண்ட் ஹில் என்பவர் எழுதி இலவசமாகத் தருவது. குக்கீயைத் தடுப்பது என்பது வாசலில் நிற்கும் ஆளின் கையிலுள்ள வில்லையைப் பிடுங்குவது. இது அந்த ஆளையே தெருவுக்குள் விடாமல் நிறுத்துவது. குரோம் தன் விதிகளை மாற்றிய பிறகு முழு யூபிளாக் அதில் ஓடுவதில்லை, 'லைட்' என்ற சிறிய வடிவம்தான் கிடைக்கிறது. முழுதும் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்ட் கைபேசியிலும் அதுவே. ஒரே மாதிரி பெயரில் போலிகள் உலவுகின்றன, எழுதியவர் பெயரைப் பார்த்துவிட்டு இறக்குங்கள். விபிஎன் (இணைய இணைப்பை வேறு கணினி வழியாகத் திருப்பிவிடும் சேவை) வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இந்த வேலைக்கு வேண்டாம். அது நீங்கள் வரும் பாதையை மறைக்கும், பையில் கிடக்கும் வில்லையை எடுக்காது.

இப்போது மீதிப் பாதி. நீங்கள் தேடிய அதே கணினியில், அதே பிரவுசரில், அதே கணக்கில் மாமனார் படித்திருக்கிறார். விளம்பரக் கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஆள். குக்கீயை எவ்வளவு கெட்டியாகப் பூட்டினாலும், தேடல் பெட்டியில் 'தா' என்று தட்டினால் 'தாதிமை இல்லம் கட்டணம்' என்று பிரவுசரே எடுத்துக் கொடுக்கும். கூகலில் உங்கள் கணக்கு திறந்தே இருந்தால் யூடியூபும் உங்கள் தேடலை நினைவில் வைத்துப் பேசும். அங்கே கூகல்தான் முதல் தரப்பு, மூன்றாம் தரப்புப் பூட்டு அதைத் தொடாது.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் செய்வது குக்கீ வேலை அல்ல. கணினியில் மாமனாருக்குத் தனிக் கணக்கு ஒன்று திறப்பேன், விண்டோஸிலேயே. பிரவுசருக்குள் தனி புரொஃபைல் வைப்பதும் நடக்கும், ஆனால் அதைத் தவறுதலாக மாற்றித் திறந்துவிடுவது சுலபம். அவர் கணக்கில் அவருக்குப் பிடித்த செய்தித்தளம் திறந்தவுடன் வரும்படி வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். இப்படி வைத்தால் தனிக் கணக்கு கொடுத்தது ஒரு மரியாதையாகத் தெரியும், ஒதுக்கி வைத்ததாகத் தெரியாது.

அடுத்தது, இந்த மாதிரி விஷயங்களை இன்காக்னிட்டோ சன்னலில் தேடுங்கள், முடிந்ததும் எல்லாச் சன்னலையும் மூடுங்கள். குரோமின் இன்காக்னிட்டோவில் மூன்றாம் தரப்புக் குக்கீ தானாகவே தடுக்கப்படும், மூடியதும் அந்த நேரத்துக் குக்கீயும் தேடல் வரலாறும் போய்விடும். இதைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக உண்டு, வெளியே யாருக்கும் தெரியாது என்று. வீட்டிலிருப்பவர்களிடமிருந்துதான் அது மறைக்கும். நீங்கள் போகும் தளத்துக்கும் இணையச் சேவை தரும் நிறுவனத்துக்கும் தெரியத்தான் செய்யும். உங்கள் பிரச்சினை வீட்டுக்குள் இருப்பது, அதனால் உங்களுக்கு இது போதும்.

பழைய குக்கீகளை ஒரு முறை முழுக்க அழித்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன். 'இந்தத் தளத்துக்கு வந்தவர்கள்' என்று விளம்பரதாரர் ஒரு பட்டியல் வைத்திருப்பார். கூகல் விளம்பரத்தில் அந்தப் பட்டியலில் ஒருவர் இருக்கும் காலம் வழக்கமாக 30 நாள், விளம்பரதாரர் விரும்பினால் 540 நாள் வரை நீட்டலாம். பூட்டு போட்டுவிட்டுப் பழைய வில்லையைப் பையிலேயே வைத்திருப்பதில் அர்த்தமில்லை. அழித்த பிறகு எல்லாத் தளத்திலும் மறுபடி நுழைய வேண்டியிருக்கும், கடவுச்சொற்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தினமும் செய்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பல் துலக்குகிற மாதிரி செய்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை.

'குக்கீக்குச் சம்மதமா' என்று மறித்து நிற்கும் பெட்டியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம். அங்கே முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று வைத்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகலுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. அதற்குப் பிறகு பல தளங்களில் மறுக்கும் பொத்தானும் முதல் பக்கத்துக்கே வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கண்ணில் பட்டால் அதையே அழுத்துங்கள்.

சிங்கப்பூரில் 2012-இல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. இங்கே குக்கீக்கென்று தனிச் சட்டம் இல்லை. குக்கீ வழியாக ஒருவரை அடையாளம் காட்டும் தகவல் சேர்ந்தால் சட்டம் பொருந்தும், நீங்கள் கேட்ட சேவையைத் தருவதற்கு அவசியமான குக்கீக்குத் தனிச் சம்மதம் தேவைப்படாது. இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டியில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. ஒருவர் தன் பிரவுசர் செட்டிங்ஸை மாற்றாமல் சும்மா விட்டுவிட்டார் என்பதற்காக அவர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது. நியாயமான பேச்சு. ஆனால் பக்கம் திறக்கும் அந்த அரை வினாடியில் அந்த நியாயம் நமக்குத் துணைக்கு வராது, பூட்டுத்தான் வரும்.

பூட்டையும் தாண்டி நுழைகிற வழிகள் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் இப்படிச் சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்தே உங்கள் கணினியைக் கைரேகை போல அடையாளம் காண முடியும். இணைய உரிமைகளுக்காகப் போராடும் அமெரிக்காவின் இஎஃப்எஃப் அமைப்பு 'கவர் யுவர் டிராக்ஸ்' என்று ஒரு சோதனைப் பக்கம் வைத்திருக்கிறது, ஒரு முறை போய்ப் பாருங்கள், கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் இணைப்புகளின் வாலிலும் அடையாளம் ஒட்டியிருக்கும். கேள்விக்குறிக்குப் பின்னால் அர்த்தமில்லாத நீள எழுத்துக்கோவை இருந்தால், அதை வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். பக்கம் ஒழுங்காக வந்தால் வெட்டியதையே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.

நான் இவற்றை எல்லாம்விடப் பெரிதாக நினைப்பது நாமே கொடுக்கும் கைபேசி எண்ணை. கடைத்தொகுதியில் அதிர்ஷ்டக் குலுக்கல் என்று ஒரு மேசை போட்டிருப்பார்கள், பெயர், எண், மின்னஞ்சல் எழுதிப் போட்டால் ஒரு குடை. கடைகள் தங்களிடமுள்ள எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத் தளத்தில் ஏற்றி, இவர்களுக்கு மட்டும் காட்டு என்று சொல்ல முடியும். எண்கள் உருமாற்றப்பட்டுத்தான் போகின்றன, ஆனால் அந்தப் பக்கம் நீங்கள் அதே எண்ணில் கணக்கு வைத்திருந்தால் இரண்டும் பொருந்திவிடும். இதில் குக்கீக்கு வேலையே இல்லை. அடையாள அட்டை எண்ணையாவது 2019 செப்டம்பர் முதல் சட்டத் தேவை இல்லாமல் கேட்கக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கைபேசி எண்ணுக்கு அப்படித் தடை இல்லை. குலுக்கல், உறுப்பினர் அட்டை, தள்ளுபடிக் கூப்பன் இவற்றுக்கென்று நான் தனி மின்னஞ்சல் ஒன்று வைத்திருக்கிறேன், அதில் பேஸ்புக்கும் இல்லை, கூகல் தேடலும் இல்லை.

கைபேசிச் செயலிகளுக்குக் குக்கீ பொருந்தாது, அங்கே விளம்பர அடையாள எண் என்று வேறொன்று. ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிராக்கிங் என்று போய் செயலிகள் கேட்பதையே நிறுத்திவிடலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி, அதில் ஆட்ஸ், அங்கே அந்த எண்ணை அழிக்கும் பொத்தான் இருக்கும்.

இன்றிரவு நேரம் குறைவு என்றால் மூன்று மட்டும் செய்யுங்கள்: பழைய குக்கீயை அழித்துவிட்டு மூன்றாம் தரப்பைப் பூட்டுங்கள், மாமனாருக்குத் தனிக் கணக்கு திறங்கள், கூகல் கணக்கில் 'மை ஆட் சென்டர்' போய்த் தனிப்பயன் விளம்பரத்தை நிறுத்துங்கள். ஒரே வைஃபையில் இருப்பதால் வீட்டின் இணைய (ஐபி) முகவரியை வைத்து ஒன்றிரண்டு விளம்பரம் இன்னும் கொஞ்ச நாள் தலைகாட்டலாம். அப்படி வந்தால் விளம்பரத்தின் மூலையிலுள்ள சின்னப் பெருக்கல் குறியை அழுத்தி மறைத்துவிடுங்கள், விளம்பரத்தை மட்டும் அழுத்தாதீர்கள். அழுத்தினால் இன்னொரு பட்டியலில் போய் உட்காருவீர்கள்.